பாதிச் சொல் பள்ளிக்கூடம்

குழந்தைகளே, மழையை நம்பிப் பிழைத்த ஒரு காட்டில், காய்ந்து கிடந்த ஆற்றின் கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது.

அங்கே பாடம் நடத்தியது ஒரு கழுதை. பத்தொன்பது வருஷமாக அது ஒரே மாதிரி நடத்திவந்தது. பாதிச் சொல்லைக் கழுதை சொல்லும். மீதியைப் பிள்ளைகள் சொல்வார்கள்.

"மயில் ஆடி..." என்று கழுதை இழுக்கும்.

"...னால்" என்று வகுப்பே கத்தும்.

"மழை வ..."

"...ரும்."

சத்தம் ஆற்றைத் தாண்டிக் கேட்கும். தலைமையாசிரியர் மயில் தன் அறையில் இருந்தபடியே தலையாட்டிக்கொள்ளும். மயில் ஆடினால் மழை வரும் என்ற அந்தப் பாடத்தைப் புத்தகத்தில் சேர்த்ததே மயில்தான்.

சத்தம் போட்டது முன்வரிசை. அதிலும் முக்கால்வாசி மைனாக் குஞ்சின் சத்தம். பின்வரிசை வாயை மட்டும் திறந்து மூடும். அது கழுதைக்குத் தெரியவில்லை. அத்தனை சத்தத்தில் யாருக்குத் தெரியும்?

பின்வரிசையில் ஓர் எருமைக் கன்று இருந்தது. எதையும் மெதுவாகச் செய்யும். அதற்குப் பக்கத்தில் செதிலி என்றொரு அழுங்குக் குட்டி. அழுங்கை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில், நீளமான மூக்கு, எறும்புதான் சாப்பாடு. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். செதிலிக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். யாராவது கேள்வி கேட்டுவிடக் கூடாது.

வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் முள்ளம்பன்றி வரும். பின்வரிசையில் ஒரு பிள்ளையை எழுப்பிக் கேள்வி கேட்கும். மூன்று வருஷம் பதில் சொல்லாத பிள்ளையின் பேரை, தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி, பட்டியலில் அடித்துவிடும். பேர் போன பிள்ளை மறுநாளே மேட்டுக் காட்டுக்குக் கல் சுமக்கப் போக வேண்டும்.

செதிலியின் அண்ணன் அப்படித்தான் போனது. கல் புரட்டிப் புரட்டி அதன் நகங்கள் தேய்ந்துவிட்டன. இப்போது வீட்டுக்குத் திரும்பிவிட்ட அதற்கு ஒரு புற்றைக்கூடத் தோண்ட முடிவதில்லை. செதிலி தோண்டிக் கொடுத்தால்தான் அண்ணனுக்குச் சாப்பாடு.

செதிலி இரண்டு வருஷம் சுருண்டுகொண்டது. இது மூன்றாவது வருஷம்.

"அதைப் பத்திக் கவலைப்படாதீங்க டீச்சர்" என்றது மயில். "அதுக்கு நகம் நல்லா இருக்கு. கல் சுமந்து பிழைச்சுக்கும். முன்வரிசையைப் பாருங்க. பேர் வாங்கித் தர்றது அவங்கதான்."

"சரி சார்" என்றது கழுதை. அதற்கு மறுத்துப் பேசத் தெம்பில்லை. நான்கு வகுப்புக்கு அது ஒன்றுதான் வாத்தியார். காலையில் பலகைகளை முதுகில் சுமந்து வருவதும் அதுதான், சாயங்காலம் திருப்பிக் கொண்டுபோய் வைப்பதும் அதுதான்.

ஆய்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது கழுதையின் தொண்டை கட்டிக்கொண்டது.

காலையில் எழுந்து பார்த்தால் குரல் இல்லை. கஷாயம் குடித்தது. கரகரவென்று காற்றுதான் வந்தது. லீவு கேட்டால் மயில் தோகையை உதறிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசும். அதைக் கேட்பதற்குப் பாடமே நடத்திவிடலாம் என்று கழுதை வகுப்புக்கு வந்தது.

அன்றைய பாடம், கோடையில் கடைசியாக வற்றுவது எந்தக் குளம் என்பது. கழுதை பலகையில் கேள்வியை எழுதிவிட்டுச் சும்மா நின்றது.

பாதிச் சொல் வரும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். வரவில்லை.

மைனாவுக்குப் பொறுக்கவில்லை. "பெரிய குளம் டீச்சர்" என்றது.

கழுதை கஷ்டப்பட்டு நாலு எழுத்தை வெளியே தள்ளியது. "எதனாலே?"

"புத்தகத்துல இருக்கு டீச்சர்."

"புத்தகத்துல எதனாலே இருக்கு?"

மைனா முழித்தது. அதற்குப் பதில் புத்தகத்தில் இல்லை.

கழுதை மிகவும் களைத்திருந்தது. காலையில் சாப்பிடவும் இல்லை. மூலையில் கிடந்த காய்ந்த புல்லை ஒரு வாய் எடுத்து மெல்ல ஆரம்பித்தது. மென்றுகொண்டே பலகையில் எழுதியது: 'நான் இதை மென்று முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது.'

கழுதை புல் மெல்வதைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? அவசரமே இருக்காது. இந்தப் பக்கம் கொஞ்ச நேரம், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம். வகுப்பு அமைதியாக இருந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன் வந்ததே இல்லை.

கழுதை மென்று விழுங்கியது. அப்போது பின்வரிசையிலிருந்து எருமைக் கன்று மெதுவாக எழுந்து நின்றது.

"பெரிய குளம் சீக்கிரம் வத்திடும் டீச்சர்" என்றது.

முன்வரிசை சிரித்தது. "மக்கு பேசுது பாரு" என்றது மைனா.

கழுதை காலைத் தரையில் தட்டியது. சிரிப்பு நின்றது. "எதனாலே சொல்றே?"

"அது அகலம்தான் டீச்சர், ஆழம் இல்லை. நான் நடுவுல போய் நின்னாலும் வயித்துக்குத்தான் தண்ணி வருது. பாறைக்குளம் சின்னதுதான். ஆனா அதுல நான் முங்கிடுவேன்."

கழுதை அதன் பக்கம் திரும்பியது. "இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள நீங்க அடுத்த கேள்விக்குப் போயிடுவீங்க டீச்சர். போன வருஷக் கேள்விக்குக்கூட ஒண்ணு ரெண்டு பதில் இருக்கு. சொல்லட்டுமா?"

அன்று சாயங்காலம் பலகைகளைச் சுமந்துகொண்டு நடந்தபோது, கழுதைக்கு அவை என்றைக்கும் இல்லாத கனமாக இருந்தன.

அடுத்த நாளும் குரல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எனவே கழுதை அதே மாதிரிதான் செய்தது. ஒரு கேள்வி. ஒரு வாய் புல். பிறகு, "எதனாலே சொல்றே?" அதற்குமேல் பேசத் தொண்டையில் இடமில்லை.

செதிலி முதல் மூன்று நாளும் பந்தாகவே கிடந்தது. நான்காம் நாள் ஒரு செதில் விலகியது. ஒன்பதாம் நாள் மூக்கு வெளியே வந்தது. ஆனால் பேசவில்லை.

பத்தாம் நாள், எல்லோரும் போன பிறகு, அது கழுதையின் குளம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"டீச்சர், தப்பா சொன்னா என்ன ஆகும்?"

"எதனாலே தப்புன்னு பேசுவோம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அதுக்குமேல திட்டறதுக்கு எனக்குக் குரல் இல்லை."

செதிலி கொஞ்ச நேரம் யோசித்தது. "சரியா சொன்னா?"

"அப்பவும் எதனாலேன்னுதான் கேட்பேன்."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்" என்று சொல்லிவிட்டு, செதிலி வீட்டுக்குப் போயிற்று.

இதற்குள் மயிலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சத்தமே இல்லாத வகுப்பு எப்படி வகுப்பாகும்? ஒருநாள் நேராக வந்து எட்டிப் பார்த்தது.

"என்ன டீச்சர், எல்லாரும் தூங்கறாங்களா?"

"யோசிக்கிறாங்க சார்."

"யோசிக்கிறாங்களா? ஆய்வுக்குப் பதினைஞ்சு நாள்தான் இருக்கு. இப்பப் போய் யோசிச்சுக்கிட்டு இருந்தா?"

ஆனால் மயில் வாசலிலேயே நின்றுவிட்டது. எருமைக் கன்று பேசுவதைக் கேட்டது. முயல்குட்டி அதை மறுப்பதையும், இல்லை என்று எருமைக் கன்று காரணம் காட்டுவதையும் கேட்டது. மயில் கெட்டதல்ல, குழந்தைகளே. எது நன்றாக இருந்தாலும் அதைத் தன் தோகையில் ஓர் இறகாகச் செருகிக்கொள்ள வேண்டும் அதற்கு. அவ்வளவுதான்.

"நல்லாயிருக்கே. இதைப் பள்ளிக்கூடம் முழுக்கக் கொண்டு வந்துடுவோம்" என்றது. "நீங்க ஓய்வெடுங்க டீச்சர். நானே சொல்லிக் கொடுக்கிறேன்."

மறுநாள் காலையிலிருந்து மயில் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்தது.

"நாங்கள் யோ..." என்று இழுத்தது.

"...சிப்போம்" என்று கத்தினார்கள்.

"காரணம் கே..."

"...ட்போம்."

"இன்னும் சத்தமா. நாங்கள் யோ..."

காலையில் ஒருமுறை, மதியம் ஒருமுறை, வீட்டுக்குப் போகும்போது ஒருமுறை. எல்லோர் வாயிலும் ஒரு துண்டுப் புல்லும் இருக்க வேண்டும் என்று உத்தரவு. முயல்குட்டி மட்டும் சந்தோஷமாக இருந்தது.

கழுதை ஓரமாக நின்று பார்த்தது. பின்வரிசை மறுபடியும் வாயை மட்டும் திறந்து மூடிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை அது கழுதையின் கண்ணுக்குத் தெரிந்தது.

"சார்" என்றது கழுதை. "இது அது இல்லை சார்."

"எது எது இல்லை?"

விளக்கிச் சொல்லலாம். அதற்கு நிறைய சொற்கள் வேண்டும். கழுதை பெருமூச்சு விட்டுவிட்டுப் பலகைகளை எடுக்கப் போயிற்று.

ஆய்வு நாள் வந்தது.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆறு மணலாகக் கிடந்தது. முள்ளம்பன்றி காலையிலேயே புழுதிக் காலோடு வந்து சேர்ந்தது. அதன் முகத்திலும் களைப்பு. அது இன்னும் ஆறு பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும். அடுத்தது ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது.

வரவேற்க மயில் தோகையை விரித்து ஆடியது. முள்ளம்பன்றி பாதியிலேயே, "போதும், ஆரம்பிங்க" என்றது.

"நாங்கள் யோ..."

"...சிப்போம்."

"காரணம் கே..."

"...ட்போம்."

"பிரமாதம்" என்று எழுதிக்கொண்டது முள்ளம்பன்றி. பிறகு பட்டியலைப் புரட்டியது. "செதிலி யாரு? ரெண்டு வருஷம் பதில் இல்லைன்னு போட்டிருக்கே."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு பந்து கிடந்தது.

முள்ளம்பன்றி முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டது. "சுலபமாவே கேட்கிறேன். மதியம் நான் ஆத்தைத் தாண்டணும். இன்னைக்கு மழை வருமா, வராதா? எப்படிச் சொல்றே?"

இது புத்தகக் கேள்விதான். பதில் வாசலிலேயே தோகையோடு நின்றுகொண்டிருந்தது.

பந்து அசையவில்லை.

கழுதை ஒரு வாய் புல் எடுத்து மெல்ல ஆரம்பித்தது.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. மயிலுக்கு அமைதி என்றால் அரிப்பு மாதிரி. "சொல்லும்மா, தெரிஞ்சதுதானே" என்றது. "மயில் ஆடி..."

முன்வரிசை வாயைத் திறந்தது.

கழுதை முன்னால் வந்து நின்றது. பத்தொன்பது வருஷத்தில் அது மயிலின் பேச்சை இடைமறித்ததில்லை. "சார், கொஞ்சம் பொறுங்க" என்றது கரகரத்த குரலில். "நான் இன்னும் மென்னு முடிக்கலை."

முள்ளம்பன்றி முள்ளைப் பட்டியலுக்கு மேலே பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கழுதை இந்தப் பக்கம் மென்றது. அந்தப் பக்கம் மென்றது.

ஒரு செதில் விலகியது. இன்னொன்று விலகியது. மூக்கு வெளியே வந்தது.

"மழை வருமான்னு எனக்குத் தெரியலை" என்றது செதிலி.

"அவ்வளவுதான்" என்று முள்ளம்பன்றி முள்ளைத் தாழ்த்தியது.

"ஆனா ஆத்துல தண்ணி வரும்."

முள் நின்றது.

"எதனாலே சொல்றே?" என்றது கழுதை.

"எங்க அண்ணனுக்கு எறும்பு தோண்ட தினம் ஆத்து மணலுக்குப் போவேன் டீச்சர். நேத்து நட்டாத்துல புத்து இருந்த இடத்துல இன்னைக்கு ஒரு எறும்பு இல்லை. எல்லாம் முட்டையைத் தூக்கிக்கிட்டுக் கரைமேல ஏறிடுச்சு. நேத்து எவ்வளவு தோண்டினாலும் காஞ்ச மணல். இன்னைக்கு ஒரு சாண்லயே ஈரம்." செதிலி மூச்சு வாங்கியது. "மேல எங்கேயோ தண்ணி புறப்பட்டிருக்கு."

எருமைக் கன்று எழுந்தது. "ஆறு புறப்படுற மேற்கு மலை முந்தாநாளா தெரியலை ஐயா. மேகம் மூடியிருக்கு. நான் அதைப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

முள்ளம்பன்றி வெளியே பார்த்தது. தலைக்கு மேலே ஒரு பொட்டு மேகமில்லை. "மயில் ஆடுச்சே. அதை ஏன் நீ சொல்லலை?"

செதிலி தயங்கியது. பாதி சுருண்டது. பிறகு, எது சொன்னாலும் ஒன்றுதான் என்பது ஞாபகம் வந்தது போல நிமிர்ந்தது.

"அவர் நீங்க வர்றதுக்காக ஆடினார் ஐயா. ஒரு வாரமா ஆடிப் பழகினார். அன்னைக்கெல்லாம் மழை வரலை."

மயிலின் தோகை மெதுவாக மடங்கியது.

முள்ளம்பன்றி விடைப் புத்தகத்தைப் புரட்டியது. அது சட்டத்தை மீறாத பிராணி. "இந்தப் பதில் இதுல இல்லை" என்றது. "மயில் ஆடினால் மழை வரும். அதுதான் இருக்கு. இல்லாத பதிலுக்கு நான் எப்படிச் சரி போடறது? பாவம்தான். ஆனா மூணாவது வருஷம்." முள் மறுபடி தாழ்ந்தது.

கழுதை புல்லை விழுங்கிவிட்டது. இனி மெல்ல ஒன்றுமில்லை.

"அடிங்க ஐயா" என்றது. "ஆனா ஒண்ணு. ஆத்தைத் தாண்டி அக்கரைக்குப் போயிட்டு, அங்கேயிருந்து அடிங்க. பட்டியல் உங்க கையிலதானே இருக்கு. எங்கே அடிச்சாலும் பேர் போயிடும்."

முள்ளம்பன்றி கழுதையைப் பார்த்தது. பட்டியலை மடித்துக்கொண்டது. ஆற்றை நோக்கி நடந்தது.

மதியம் ஆயிற்று. முள்ளம்பன்றி கரையில் உட்கார்ந்திருந்தது. காலடியில் எறும்புகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளை முட்டை. ஒருமுறை எழுந்து மணலில் ஒரு காலை வைத்தது. உடனே எடுத்துவிட்டது. அதற்கு நீந்தத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் யாரும் பாடம் படிக்கவில்லை. மயில்கூட வாசலில் நின்று ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் தூரத்தில் ஓர் இரைச்சல் கேட்டது. பிறகு வளைவிலிருந்து தண்ணீர் வந்தது. செம்மண் நிறத்தில், மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு, கரைக்குக் கரை வந்தது. பள்ளிக்கூடத்துக் கூரையில் ஒரு துளி மழை விழவில்லை.

முள்ளம்பன்றி திரும்பி வந்தது. பட்டியலை விரித்தது. அதில் இரண்டே கட்டங்கள் இருந்தன. ஒன்று 'தெரியும்'. மற்றது 'தெரியாது'. வெகுநேரம் இரண்டையும் பார்த்தது. கடைசியில், இரண்டுக்கும் நடுவில் இருந்த கோட்டின்மேல் ஒரு புள்ளி வைத்தது.

"இதுக்கு என்ன அர்த்தம் ஐயா?" என்றது மயில்.

"எனக்கே தெரியலை" என்றது முள்ளம்பன்றி. "பேர் அடிக்கலை. அவ்வளவுதான். இன்னைக்கு இங்கேதான் தங்கணும் போலிருக்கு. படுக்க இடம் இருக்கா?"

மறுநாள் கழுதை வழக்கம்போலப் பலகைகளைச் சுமந்து வந்தது. வழியிலேயே சத்தம் கேட்டது.

"எறும்பு ஏறி..." என்று இழுத்தது மயில்.

"...னால்" என்று கத்தினார்கள்.

"வெள்ளம் வ..."

"...ரும்."

கழுதை வாசலில் அப்படியே நின்றது. முதுகிலிருந்த பலகைகளை இறக்கி வைக்கக்கூட அதற்குத் தோன்றவில்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு வாய் மட்டும் மூடியிருப்பதைப் பார்த்தது. செதிலி கத்தவில்லை. சுருளவும் இல்லை. மயில் மூச்சு வாங்க நிறுத்தியதும் அது எழுந்து நின்றது.

"சார், கரையில நாவல் பழம் விழுந்தாலும் அதைத் தின்ன எறும்பு மேல ஏறுமே. அப்பவும் வெள்ளம் வருமா?"

மயில் வாயைத் திறந்தது. பாதிச் சொல்லும் வரவில்லை, முழுச் சொல்லும் வரவில்லை. அது கழுதையைத் திரும்பிப் பார்த்தது.

கழுதையின் தொண்டை அன்று காலைதான் சரியாகியிருந்தது. பதில் அதன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழைய பழக்கம். சட்டென்று வாயை மூடிக்கொண்டது. பலகைகளை இறக்கி வைத்தது. மூலையிலிருந்து இரண்டு வாய் புல் எடுத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதை மயிலுக்கு நீட்டியது.

"மெல்லுங்க சார்" என்றது.

நீதி: முந்திக்கொண்டு பதில் சொல்பவர் பிள்ளைக்குச் சத்தத்தைத்தான் கற்றுக்கொடுக்கிறார், கேட்டுவிட்டுக் காத்திருப்பவரே யோசிக்கக் கற்றுக்கொடுக்கிறார்.